வரத்துக்காலைப் பார்த்துவிட்டு மீன்குஞ்சு விடுவோம்
முதுகுத் தட்டுத் தேய்மானமும் குருத்தணுச் சிகிச்சையும்

(காரைக்குடியில் தொடக்கநிலை, உயர்நிலை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில், அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. இந்த அரங்கில் முதுகுவலியே வந்ததில்லை என்பவர்கள் மட்டும் கை தூக்குங்கள். நான்கைந்து கைகள்தான் தெரிகின்றன. அவர்களில் மூன்று பேர் சென்ற ஆண்டுதான் பணியில் சேர்ந்தவர்கள்! மற்ற எல்லோரும் என் கட்சி.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. எண்ணும் எழுத்தும் வகுப்பு எடுக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, எழுந்து, குனிந்து நாள் முழுவதும் வேலை செய்கிறீர்கள். உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்குப் பாடவேளைதோறும் நின்றபடி வகுப்பு. மாலையில் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் நின்றபடியே தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் பயணம். உலக அளவில் 2020-ஆம் ஆண்டில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு, கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதரை முடக்கும் காரணங்களில் இதுதான் முதலிடம்.

வலி அதிகமாக இருந்தால், அதைத் தீர்க்கிறோம் என்று சொல்லும் கடைகளும் அதிகமாகத்தான் இருக்கும். அப்படி ஒரு கடையின் வாசல்வரை போய்த் திரும்பியவள் நான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு விண்ணப்பப் படிவம்

2019-ஆம் ஆண்டு இறுதி. எனக்கு எட்டு மாதமாக இடுப்புவலி. நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார முடியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தேன். எல்-4, எல்-5 தட்டில் தேய்மானம், லேசான பிதுக்கம் என்று அறிக்கை வந்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பெருநகரம் ஒன்றில் இருந்த ஒரு தனியார் சிகிச்சை மையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். ‘உங்கள் இடுப்பெலும்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து, தேய்ந்த தட்டுக்குள் ஊசியில் செலுத்திவிடுவோம். தட்டு புதிதாக வளர்ந்துவிடும். உங்கள் உடம்புச் செல்தான், பக்கவிளைவே கிடையாது’ என்றார்கள். இரண்டரை லட்சம் ரூபாய். காப்பீட்டில் வராது, முழுவதும் கையிலிருந்து கட்ட வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் பொது வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுப்பதற்கான படிவத்தை நிரப்பிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மகளின் படிப்புக்கென்று நினைத்திருந்த பணம். தலைமையாசிரியரிடம் மறுநாள் கொடுப்பதாக எண்ணம்.

அந்த ஆண்டுதான் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்திருந்தது. அதிலுள்ள குருத்தணுக்கள் பகுதியை அன்று நடத்திக்கொண்டிருந்தேன். ‘குருத்தணுக்களால் பல நோய்களைக் குணப்படுத்தும் வாய்ப்பு உள்ளது’ என்று சொன்னேன். நடுவரிசையில் ஒரு பையன் எழுந்தான். “வாய்ப்பு இருக்குன்னா, இன்னும் குணமாக்கலையா டீச்சர்?” என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பையில் இருந்த படிவம் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை நான் அந்த மையத்தில் கேட்கவே இல்லை. இருபது ஆண்டுகள் அறிவியல் நடத்தியவள், வலி என்று வந்தவுடன் அறிவியலை வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

படிவத்தைக் கொடுக்கவில்லை. படிக்கத் தொடங்கினேன். இந்த ஆறு ஆண்டுகளில் படித்ததையும், அரசு மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இன்று உங்களோடு பகிர்கிறேன்.

தட்டு என்பது என்ன?

நம் முதுகெலும்பில் அடுக்கடுக்காக உள்ள முள்ளெலும்புகளுக்கு இடையே மொத்தம் 23 தட்டுகள் இருக்கின்றன. ஊரில் ‘ஜவ்வு’ என்று சொல்வது இதைத்தான். வெளியே வலுவான நார் வளையம். உள்ளே நீரை உறிஞ்சி வைத்திருக்கும் கூழ் போன்ற மையப்பகுதி. பாரம் ஏறும்போது நீர் கசிந்து தட்டு சற்றுத் தட்டையாகும். இரவில் படுத்திருக்கும்போது நீரை மீண்டும் உறிஞ்சி உப்பும்.

இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். பிள்ளைகளின் உயரத்தைக் காலையில் எழுந்தவுடன் வீட்டுச் சுவரில் குறிக்கச் சொல்லுங்கள். அதே இடத்தில் இரவு படுக்கப் போகும்முன் மறுபடியும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருப்பதைப் பார்ப்பார்கள். விண்வெளியில் பாரம் இல்லாததால் விண்வெளி வீரர்களின் உயரம் சில சென்டிமீட்டர் கூடுவதும் இதனால்தான். செலவில்லாத செயல்பாடு, பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

இப்போது முக்கியமான செய்தி. நம் உடலில் இரத்தக்குழாய் இல்லாத உறுப்புகளில் மிகப் பெரியது இந்தத் தட்டுதான். அப்படியானால் மையத்தில் இருக்கும் செல்களுக்கு உணவும் ஆக்சிஜனும் எப்படிப் போகின்றன? தட்டுக்கும் எலும்புக்கும் இடையில் மெல்லிய குருத்தெலும்புப் படலம் ஒன்று இருக்கிறது. எலும்பில் ஓடும் இரத்தத்திலிருந்து அந்தப் படலத்தின் வழியாக, தண்ணீரில் விட்ட மைத்துளி பரவுவதுபோல, மெல்ல மெல்லப் பரவித்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை.

இந்தப் பரவலை உயிருள்ள மனிதரின் முதுகில் அளந்து காட்டியது நம் தமிழ்நாட்டு ஆய்வு என்பதை நீங்கள் பிள்ளைகளிடம் பெருமையோடு சொல்லலாம். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் எஸ். ராஜசேகரன் தலைமையிலான குழு, இரத்தத்தில் ஒரு நிறமேற்றியைச் செலுத்திவிட்டு, பல மணி நேரம் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. படங்கள் எடுத்துப் பார்த்தது. எலும்பில் சில நிமிடங்களில் தெரிந்த அந்தப் பொருள், தட்டின் மையத்துக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 6 மணி நேரம் ஆனது. படலம் சேதமடைந்த தட்டுகளில் இந்தப் பரவலின் போக்கே மாறிப்போயிருந்தது. 2004-இல் வெளிவந்த இந்த ஆய்வு, முதுகெலும்புத் துறையில் உலகம் மதிக்கும் ஐ.எஸ்.எஸ்.எல்.எஸ். பரிசைப் பெற்றது.

நம் சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு உவமை போதும். கண்மாய் வற்றிக் கிடக்கிறது. மீன் இல்லை. சந்தையிலிருந்து நல்ல மீன்குஞ்சாக வாங்கி வந்து விட்டால் மீன் பெருகிவிடுமா? எதிர்வீட்டு ஆச்சியிடம் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்: வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும்போது குஞ்சு விட்டு என்ன பயன்?

தேய்ந்த தட்டு அப்படிப்பட்ட கண்மாய். செல்கள் அழிந்ததே பெரும்பாலும் அங்கே உணவு குறைந்து, ஆக்சிஜன் குறைந்து, அமிலத்தன்மை கூடியதால்தான். அதே இடத்தில் லட்சக்கணக்கில் புதுச் செல்களைக் கொண்டுபோய் விட்டால், அவை எதைத் தின்று வாழும்? ‘செல் போட்டால் தட்டு வளரும்’ என்ற விளம்பரம் பதில் சொல்லாத கேள்வி இது. அறிவியலாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் அவர்கள் அவசரப்படாமல் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குருத்தணு பொய்யா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. தலசீமியா போன்ற இரத்தக் கோளாறுகளோடு பிறந்த பிள்ளைகள் அங்கே உயிர் பிழைத்திருக்கிறார்கள். இரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்களை மாற்றி வைப்பதுதான் அந்தச் சிகிச்சை. அதே வேலூரில், இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் 5 பேரின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, குறைபட்ட மரபணுவுக்குப் பதிலாகச் சரியான மரபணுவைச் சேர்த்து, அவர்களுக்கே திரும்பச் செலுத்தினார்கள். அதன் வெற்றி 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஆனால் முதுகுத் தட்டுக்குப் பயன்படுத்த முயல்வது வேறு வகைச் செல். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் இந்தச் செல்களுக்கு ‘மீசென்கைமல் ஸ்டெம் செல்’ என்ற பெயரை 1991-இல் பரப்பியவர் ஆர்னால்டு கேப்லன் என்ற அமெரிக்க அறிவியலாளர். அவரே 2017-இல், ‘இந்தப் பெயரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது’ என்று எழுதினார். ஏனென்றால் இந்தச் செல்கள் உடலுக்குள் போய்ப் புதிய உறுப்பாக வளர்வதில்லை, வேதிச் சைகைகளைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களைத் தூண்டுகின்றன என்பது அவர் கருத்து. ‘ஸ்டெம் செல்’ என்ற பெயரைக் கேட்டு மக்கள் ஏமாறுகிறார்கள் என்று பெயர் வைத்தவரே கவலைப்பட்டார்.

சோதனைகள் என்ன சொல்கின்றன?

2011-இல் ஸ்பெயினில் 10 பேருக்கு அவர்களுடைய மஜ்ஜைச் செல்களைத் தட்டுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். வலி விரைவாகக் குறைந்தது. தட்டில் நீரின் அளவு கூடியது. தட்டின் உயரம் மட்டும் திரும்பவில்லை. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை.

ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை என்று காட்ட, இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடுகிறோம். மூடாத பகுதியும் பக்கத்திலேயே இருப்பதால்தான் அது சோதனை ஆகிறது. முதுகுவலி தானாகவே ஏறி இறங்கும் நோய். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஊசி போடப் போகிறோம். அடுத்த மாதம் அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். பிதுங்கிய தட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அறுவை சிகிச்சை இல்லாமலே காலப்போக்கில் சுருங்கிவிடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்த இறக்கத்துக்கான பெருமை முழுவதும் ஊசிக்குப் போய்விடும்.

ஆகவே பெரிய சோதனைகள் நடந்தன. ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் செல்களை வைத்து 404 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2021-இல் அறிவிக்கப்பட்டது. சிலருக்குச் செல், சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. வலியில் ஓரளவு குறைவு தெரிந்தது, முக்கியமாக வலி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களிடம். ஆனால், வலியும் செயல்திறனும் சேர்ந்து மேம்பட வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்த முதன்மை இலக்கை அந்தச் சோதனை எட்டவில்லை. அதனால் 300 பேரை வைத்து இன்னொரு பெரிய சோதனை 2024-இல் தொடங்கியது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 114 பேரிடம் நடத்திய மற்றொரு சோதனையிலும், ஓராண்டு முடிவில், செல் பெற்றவர்களுக்கும் போலி ஊசி பெற்றவர்களுக்கும் முதன்மை இலக்கில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

இதை எப்படி வகுப்பில் சொல்வது? ‘தோல்வி’ என்று சொல்லக் கூடாது. ‘வெற்றி’ என்றும் சொல்லக் கூடாது. ‘விடை இன்னும் வரவில்லை’ என்று சொல்ல வேண்டும். தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது அல்லவா?

‘பக்கவிளைவே இல்லை’ என்ற பேச்சையும் சோதித்துப் பார்த்தேன். 2018-இல் அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில், தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து செய்யப்பட்ட ஊசி மருந்தைப் பெற்ற 12 பேர் பாக்டீரியத் தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் தண்டுவடத் திரவத்துக்குள் குருத்தணு ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு, அங்கே கட்டி வளர்ந்ததை 2016-இல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. தட்டுக்குள் ஊசி குத்துவதே சிறிய விஷயம் அன்று. பரிசோதனைக்காக ஊசி குத்தப்பட்ட தட்டுகள், 10 ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது மற்றவர்களின் தட்டுகளைவிட அதிகம் தேய்ந்திருந்ததை 2009-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

நம் நாட்டு விதி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல், அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கு வெளியே குருத்தணுவைப் பயன்படுத்துவது ஆய்வு மட்டுமே என்கிறது. அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்கு வெளியே அதைச் செய்வது நெறியற்றது, தொழில்முறைத் தவறு என்று நேரடியாகவே சொல்கிறது. விளம்பரம் செய்வதும் கூடாது.

‘மூட்டுத் தேய்மானத்துக்கு அரசே அனுமதி கொடுத்துவிட்டதே’ என்று சிலர் கேட்பார்கள். உண்மை. பெங்களூரில் உருவான ஒரு செல் மருந்துக்கு, சோதனைகளின் அடிப்படையில், 2022-இல் முழங்கால் தேய்மானத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி அந்த மருந்துக்கு, அந்த நோய்க்கு. முழங்கால் அனுமதியைக் காட்டி முதுகுக்கு ஊசி போட முடியாது. கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டித் தமிழில் தேர்ச்சி கேட்பது போன்றது அது.

உங்களிடமோ உங்கள் மாணவரின் பெற்றோரிடமோ யாராவது இந்த ஊசியைப் பற்றிப் பேசினால், மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் எண் என்ன? ‘சி.டி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளோடு அந்த எண் தொடங்கும். பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

இரண்டு: எந்த நெறிமுறைக் குழு இதற்கு ஒப்புதல் தந்தது? எனக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

மூன்று: பணம் யார் கட்டுவது? உண்மையான ஆய்வில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். ‘ஆய்வு’ என்று சொல்லி இரண்டரை லட்சம் கேட்டால், எழுந்து வந்துவிடலாம்.

நான் அந்த மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து இந்த மூன்றையும் கேட்டேன். பதிலாக, குணமானதாகச் சொல்லும் நான்கு பேரின் காணொளிகளை அனுப்பினார்கள். குணமாகாதவர்களின் காணொளியை யாரும் எடுப்பதில்லை.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

‘தேய்மானம்’ என்ற சொல்தான் நம்மைப் பாதி நோயாளி ஆக்குகிறது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், 50 வயதுக்காரர்களில் 80 விழுக்காட்டினருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பதுபோல முதுகும் நரைக்கிறது. நரையெல்லாம் நோய் அல்ல. ஸ்கேனில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று அறிக்கையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மருத்துவர் உடலைத் தொட்டுச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு உதவியது என்ன என்று கேட்பீர்கள். அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் கற்றுத் தந்த நான்கு பயிற்சிகளும், நடையும்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கக் கல்வி ஆகியவற்றையே முன்வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-இல் வந்தது. இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, வலி திரும்பி வர இடைநிலைக் கணக்கில் 208 நாள் ஆனது. செய்யாதவர்களுக்கு 112 நாள். நடைக்குக் கட்டணம் இல்லை என்பதால் அதற்கு விளம்பரமும் இல்லை.

எனக்கு வலி முழுமையாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில், தேர்வுத்தாள் திருத்தும் நாட்களில் வரும். ஆனால் அதை ஆளக் கற்றுக்கொண்டேன். இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை உட்காருகிறேன். விடைத்தாள் கட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு கையிலும் தூக்குகிறேன். வீட்டிலிருந்து வர முடியாத முதியவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. இதையும் பெற்றோர்களிடம் சொல்லுங்கள்.

மூன்று வாரம்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் நான் இந்தப் பேச்சுக்கே ஒப்புக்கொண்டேன்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தான். அவன் அப்பா ஆத்தங்குடிக் கல் செய்பவர். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, குனிந்தபடியே முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர்.

“டீச்சர், அப்பாவுக்கு முதுகுல ஸ்டெம் செல் ஊசி போடணும்னு சொல்றாங்க. நாலு லட்சமாம். அரை ஏக்கர் நெலம் இருக்கு, வித்துடலாமான்னு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?”

“இருப்பா. அப்பாவுக்கு வலி மட்டுந்தானா? கால்ல ஏதாவது மாற்றம் இருக்கா?”

“வலது கால்ல செருப்பு நிக்க மாட்டேங்குது டீச்சர். கழண்டு விழுந்தாக்கூட அவருக்குத் தெரியல. மூணு வாரமா அப்படித்தான். நெலத்துக்கு ஆள் பாத்துக்கிட்டு இருக்கோம்ல, பணம் வரட்டும்னு காத்திருக்காரு.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். “தம்பி, நிலமும் வேணாம், ஊசியும் வேணாம். இன்னிக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு” என்றேன். அன்று மாலையே போனார்கள். அந்த வாரமே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. நிலம் தப்பியது. ஆனால் பாதத்தின் வலு பாதிதான் திரும்பியிருக்கிறது. முன்னதாக வந்திருந்தால் இன்னும் தேறியிருக்கலாம் என்றார் மருத்துவர். இப்போது அவர் கல் செய்வதில்லை. பட்டறையில் கணக்குப் பார்க்கிறார்.

அந்த மூன்று வாரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. சான்று இல்லாத சிகிச்சை பணத்தை மட்டும் தின்பதில்லை, காலத்தையும் தின்கிறது.

ஆகவே இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். முதுகுவலியோடு பாதமோ காலோ வலுவிழந்தால், ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உட்பக்கமும் மரத்துப்போனால், சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால் அல்லது அடைத்துக்கொண்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, இரவிலும் விடாத வலி இருந்தால் காசநோயோ வேறு நோயோ முதுகெலும்பைத் தாக்கியிருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. கீழே விழுந்த பிறகு வரும் வலியும், முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்கு வரும் வலியும் அப்படியே.

நண்பர்களே, நாம் நிற்கும் இந்தக் காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வரச் செய்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆய்வுக்குப் பணம் கொடுத்த ஊர் இது. ஆய்வின் பெயரைச் சொல்லி யாரும் இந்த ஊர்க்காரர்களிடம் பணம் பறிக்க விடக் கூடாது.

அடுத்த முறை குருத்தணுப் பாடம் நடத்தும்போது, ‘வாய்ப்பு உள்ளது’ என்ற இடத்தில் சற்று நில்லுங்கள். வாய்ப்புக்கும் சான்றுக்கும் இடையில் எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளை தூர்ந்த வரத்துக்காலைத் திறக்கும் வழியைக் கண்டுபிடிக்கலாம். மற்றவர்கள் தங்கள் அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவர் முன் உட்காரும்போது, அன்று என் வகுப்பில் எழுந்த பையனைப்போல ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அந்தப் பையன் இப்போது இயன்முறை மருத்துவம் படிக்கிறான். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன், நான் பயிற்சி செய்யும் விதத்தைப் பார்த்துவிட்டு, “முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கணும் டீச்சர்” என்று திருத்தினான். மடக்கினேன்.